கட்-ஆஃப் பட்டியலைக் காட்ட போன் நம்பரும் மெயில் ஐடியும் கேட்கும் தளங்கள்: பெற்றோர்கள் கவனத்துக்கு

பிளஸ் டூ ரிசல்ட் வந்த நாளிலிருந்து பொறியியல் கவுன்சலிங் முடியும் வரை எல்லா வீட்டிலும் ஒரே கேள்விதான்: "இந்த மார்க்குக்கு எந்த காலேஜ் கிடைக்கும்?" அந்தக் கேள்வியை வைத்து நடக்கும் வியாபாரத்தில் என் அக்கா குடும்பம் ஐயாயிரம் ரூபாயை இழந்துவிட்டது. இன்னொரு வீட்டில் இது நடக்கக் கூடாது என்பதால் விவரமாகவே எழுதுகிறேன்.

அக்கா மகளுக்குக் கணிதம் 91, இயற்பியல் 88, வேதியியல் 87. கணித மார்க்கை முழுதாகவும் மற்ற இரண்டைப் பாதியாகவும் கூட்டினால் 200-க்கு 178.5. போன வருட கட்-ஆஃப், அதாவது ஒவ்வொரு கல்லூரியிலும் எந்த மார்க் வரை சீட் கிடைத்தது என்று பார்க்கலாமென கூகுளில் தேடியிருக்கிறாள். மேலே வந்த ஒரு தளத்தில் பட்டியலின் முதல் நாலு வரி தெளிவாக இருந்தது. அதற்குக் கீழே எல்லாவற்றையும் மங்கலாக்கி, நடுவில் ஒரு பெட்டி: "முழுப் பட்டியலை இலவசமாகப் பெற" என்று போட்டு, பெயர், மெயில் ஐடி, போன் நம்பர், மாவட்டம், சாதிப் பிரிவு, மார்க், அப்பாவின் தொழில். போனுக்கு வரும் ஓடிபியைப் போட்டால்தான் பிடிஎஃப் மெயிலுக்கு வரும். 17 வயதுப் பிள்ளை, கேட்டதையெல்லாம் கொடுத்தாள். நம்பர் அத்தானுடையது.

வந்த பிடிஎஃப்பை நான் பார்த்தேன். தமிழ்நாடு தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் தன் டி.என்.இ.ஏ. (தமிழ்நாடு பொறியியல் சேர்க்கை) தளத்தில் போட்டிருக்கும் அதே விவரம்தான். குறுக்கே ஒரு லோகோ மட்டும் புதிதாக அச்சாகியிருந்தது. அரசுத் தளத்தில் கல்லூரி, பாடப்பிரிவு, சாதிப் பிரிவு வாரியாக அந்தப் பட்டியலைப் பார்க்கலாம். லாகின் வேண்டாம், ஓடிபி வேண்டாம், காசும் வேண்டாம். யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி அரசு வைத்திருக்கும் விவரத்துக்குப் பூட்டுப் போட்டு, சாவிக்கு விலையாக ஒரு பிள்ளையின் விவரத்தை வாங்கியிருக்கிறார்கள்.

அன்று சாயங்காலமே அத்தானுக்கு போன் வர ஆரம்பித்துவிட்டது. "சார், பொண்ணுக்கு மேனேஜ்மென்ட் கோட்டால சீட் இருக்கு", "மேடம், பெங்களூர்ல ஹாஸ்டலோட பேக்கேஜ்", "எஜுகேஷன் லோன் வேணுமா சார்?" எல்லாமே சாதாரண பத்து இலக்க மொபைல் நம்பர்கள். விளம்பர அழைப்புக்கென ஒதுக்கிய 140 வரிசையில் ஒன்றுகூட வரவில்லை. ஒன்றை பிளாக் செய்தால் அடுத்த நம்பரிலிருந்து கூப்பிடுவார்கள்.

மெயில் இன்னும் மோசம். அக்கா மகளின் பெயரைப் போட்டு, "178.5 கட்-ஆஃப்புக்கு உங்களுக்கான சீட் தயார்" என்று தலைப்பிலேயே எழுதி ஒரு மெயில் வந்தது. அந்த மார்க்கை அவள் வேறு எந்தத் தளத்திலும் கொடுக்கவில்லை.

ஐயாயிரம் போனது இப்படித்தான். "கவுன்சலிங் ஆபீஸ்ல இருந்து பேசறோம்" என்று ஒருவன் பிள்ளையின் பெயர், மார்க், பிரிவு எல்லாவற்றையும் சரியாகச் சொல்லியிருக்கிறான். இவ்வளவு தெரிந்தவன் அரசு ஆள்தான் என்று யாருக்கும் தோன்றும். சீட் பிளாக் செய்ய இன்றைக்கே டோக்கன் அட்வான்ஸ் கட்ட வேண்டும் என்றான். அத்தான் யுபிஐயில் அனுப்பினார். வந்த ரசீதில் கல்லூரியின் பெயரே இல்லை. மறுநாள் அந்த நம்பர் ஸ்விட்ச் ஆஃப். சைபர் மோசடிப் புகாருக்கான உதவி எண் 1930-க்கு அழைத்துப் புகார் பதிந்திருக்கிறோம், பணம் இன்னும் வரவில்லை.

விவரம் எங்கிருந்து கசிந்தது என்று உறுதி செய்ய, வேறு எங்குமே கொடுக்காத புது மெயில் ஐடி ஒன்றைத் தொடங்கி, அதே பெட்டியில் இன்னொரு சிம் நம்பருடன் போட்டேன். அந்தத் தளத்துக்குச் சம்பந்தமே இல்லாத கல்லூரிகளிலிருந்தும் வெளிநாட்டுப் படிப்பு ஏஜென்டுகளிடமிருந்தும் அதற்கு மெயில் வந்து குவிந்தது. இப்படிச் சேகரித்த ஒருவரின் விவரத்துக்கு இந்தத் தொழிலில் 'லீட்' என்று பெயர். ஒரே லீடைப் பல பேருக்கு விற்பார்கள். ஓடிபி சரிபார்த்த நம்பர் என்றால் விலை கூடும். ஓடிபி கேட்பது நம் பாதுகாப்புக்கு என்று நினைத்துவிடாதீர்கள். மெயில் ஐடியை ஃபேஸ்புக், கூகுள் விளம்பரக் கணக்குகளில் ஏற்றி, அதே ஆளின் திரையில் விளம்பரம் காட்டவும் முடியும்.

பெட்டியின் அடியில் பொடி எழுத்தில், முன்கூட்டியே டிக் போட்ட ஒரு கட்டம் இருந்தது. நம் நம்பர் டிஎன்டியில் (விளம்பர அழைப்பு வேண்டாம் என்று பதியும் பட்டியல்) இருந்தாலும் அவர்களும் அவர்களது 'பார்ட்னர்களும்' போன், எஸ்எம்எஸ், வாட்ஸ்அப்பில் தொடர்புகொள்ளச் சம்மதம் என்கிறது அது. அந்த பார்ட்னர்கள் யார் என்று ஒரு பெயர்கூட இல்லை. எனக்கு வயிறு எரிந்தது இதைப் படித்தபோதுதான். 2023-இல் வந்த மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், சம்மதம் தெளிவாக, எந்த நிபந்தனையும் இல்லாமல், நாமே செய்யும் செயலால் தரப்பட வேண்டும் என்கிறது. 18 வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோரின் சம்மதம் சரிபார்க்கப்பட வேண்டும். விதிகள் 2025 நவம்பரில் வந்தன. ஆனால் முக்கியமான கடமைகளுக்கு 18 மாத அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். அதுவரை நாம்தான் பார்த்து நடக்க வேண்டும்.

கட்-ஆஃப் பார்க்க அரசுத் தளத்துக்கே போங்கள். சாய்ஸ் ஃபில்லிங்கில் (வேண்டிய கல்லூரிகளை விருப்ப வரிசைப்படி பதிவதில்) சந்தேகம் என்றால் மாவட்டம்தோறும் டி.என்.இ.ஏ. சேவை மையங்கள் இருக்கின்றன, அங்கே உதவிக்குக் கட்டணம் கிடையாது. "நாங்களே போட்டுத் தர்றோம், பாஸ்வேர்டு கொடுங்க" என்பவர்களிடம் கொடுத்தால், பிள்ளைக்கு வேண்டிய கல்லூரியைக் கீழே தள்ளி, தங்களுக்குக் கமிஷன் தரும் கல்லூரியை மேலே போட்டுவிடலாம்.

ஏற்கெனவே விவரம் கொடுத்திருந்தால், அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு, பிள்ளையின் விவரத்தை நீக்கச் சொல்லி மெயில் அனுப்பி, நகல் வைத்துக்கொள்ளுங்கள். தொல்லை அழைப்புக்கு 1909 அல்லது டிராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) டிஎன்டி செயலியில் புகார் செய்யலாம். அழைப்பு வந்த 7 நாளுக்குள் நம்பர், தேதி, என்ன பேசினார்கள் என்பதைக் குறிப்பிட வேண்டும். நம் நம்பர் டிஎன்டியில் பதிவாகாமல் இருந்தாலும் இப்படிச் சாதாரண நம்பரிலிருந்து வரும் விளம்பர அழைப்பைப் பற்றிப் புகார் தரலாம். பணம் போயிருந்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காமல் 1930-க்கு அழையுங்கள். யுபிஐ பரிவர்த்தனை எண் கையில் இருக்கட்டும், முதலில் அதைத்தான் கேட்பார்கள்.