மருத்துவ இடத்துக்கு முன்கூட்டியே உறுதி: பதினேழு வயதிலா, பத்தொன்பதிலா?

தமிழ்நாட்டில் பிளஸ் டூ முடித்த கையோடு எம்பிபிஎஸ் சேரலாம். அமெரிக்காவில் முதலில் நான்கு ஆண்டு இளங்கலை படிக்க வேண்டும். இடையே எம்கேட் (MCAT) என்ற மருத்துவ நுழைவுத் தேர்வு. இடைவேளைகளையும் சேர்த்தால் அது ஏறத்தாழ ஏழரை மணி நேரம். பிறகு பல கல்லூரிகளுக்கு விண்ணப்பம், நேர்காணல். 2021 சேர்க்கையில் 62,443 பேர் விண்ணப்பித்தார்கள். சேர்ந்தவர்கள் 22,666 பேர். அங்குள்ள தமிழ்க் குடும்பங்கள் முன்கூட்டிய சேர்க்கையைத் தேடி அலைவதற்கு இந்தக் கணக்கே போதுமான காரணம். ஆனால் அந்தப் பெயரில் இருக்கும் வழிகள் ஒன்றுக்கொன்று வெகுவாக வேறுபட்டவை.

பள்ளியிறுதி வகுப்பிலேயே விண்ணப்பிப்பது முதல் வழி. பிரவுன் பல்கலைக்கழகம் 1980களின் நடுவில் தொடங்கிய எட்டாண்டுத் திட்டம் இதில் புகழ்பெற்றது. இளங்கலைக்கும் மருத்துவத்துக்கும் சேர்த்தே இடம் தருவார்கள், எம்கேட் கிடையாது. கன்சாஸ் சிட்டியில் உள்ள மிசௌரி பல்கலைக்கழகமோ இரண்டையும் ஆறே ஆண்டுகளில் முடித்துவிடுகிறது. ஒன்று மாணவரை நிதானமாகப் பரந்து படிக்கச் சொல்கிறது. மற்றொன்று விரைந்து மருத்துவராக்குகிறது. இரண்டையும் ஒரே பட்டியலில் போட்டு 'எங்கே இடம் கிடைத்தாலும் சரி' என்று விண்ணப்பிக்கும் பெற்றோரைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. பிள்ளையின் இயல்பு என்ன என்ற கேள்வியே அங்கே எழுவதில்லை. பதினேழு வயதில் அந்த முடிவு யாருடையது என்பதும் பல வீடுகளில் தெளிவாக இருப்பதில்லை.

இரண்டாவது வழி, இளங்கலை இரண்டாம் ஆண்டில் விண்ணப்பிப்பது. என் மனம் சாய்வது இந்தப் பக்கம்தான். நியூயார்க்கின் மவுண்ட் சினாய் மருத்துவக் கல்லூரி 1987இல் இதைத் துணிந்து செய்து பார்த்தது. இலக்கியம், வரலாறு, சமூகவியல் படிக்கும் மாணவர்களுக்கு இரண்டாம் ஆண்டிலேயே இடம் உறுதி செய்தது. எம்கேட் வேண்டாம், மருத்துவம் விரும்பும் எத்தனையோ பேரைத் திருப்பி அனுப்பிவிடும் கரிம வேதியியலும் வழக்கமான வடிவில் வேண்டாம்.

அடிப்படை அறிவியல் இல்லாமல் எப்படிச் சமாளிப்பார்கள் என்ற சந்தேகம் நியாயமானது. கல்லூரியே கணக்கெடுத்து 2010இல் முடிவுகளை வெளியிட்டது. முதல் கட்ட உரிமத் தேர்வில் இவர்களது சராசரி சற்றுக் குறைவு. மருத்துவமனைப் பயிற்சியிலும் வகுப்புத் தரவரிசையிலும் மற்றவர்களுக்கு இணையாகவே இருந்தார்கள். மனநல மருத்துவத்தையும் அடிப்படைச் சிகிச்சைத் துறைகளையும் தேர்ந்தெடுக்கும் போக்கு இவர்களிடம் கூடுதலாகத் தென்பட்டது. சிலர் இடையில் விடுப்பு எடுக்க நேர்ந்தது என்பதையும் அந்த ஆய்வு மறைக்கவில்லை. 2013இல் எந்தப் பாடம் படிப்பவரும் விண்ணப்பிக்கலாம் என்று திட்டத்தை விரிவுபடுத்தினார்கள். வகுப்பில் பாதி வரை இப்படி நிரப்புவதாகவும் அறிவித்தார்கள்.

இந்த வழியின் உண்மையான பயன், எஞ்சும் இரண்டு ஆண்டுகள். தேர்வுப் பயம் போனதும் மாணவர் ஸ்பானிஷ் கற்கலாம், சுகாதாரக் கொள்கை படிக்கலாம், தனக்குப் பிடித்த ஆய்வில் ஆழ்ந்து இறங்கலாம். ஆனால் உறுதி நிபந்தனைக்கு உட்பட்டது. மதிப்பெண் சராசரி குறிப்பிட்ட எல்லைக்குக் கீழே இறங்கினால் இடம் போய்விடலாம். சில கல்லூரிகள் எம்கேட்டில் குறைந்தபட்ச மதிப்பெண்ணும் கேட்கும். வேறு கல்லூரிக்கு விண்ணப்பித்தால் உறுதியை விலக்கிக்கொள்வதும் உண்டு. அனுமதிக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு இனிப்பு வழங்கும் முன் இவற்றை வரிவரியாகப் படித்துவிட வேண்டும்.

'முன்கூட்டிய முடிவு' என்ற மூன்றாவது வழியைப் பெயரை வைத்து நம்பிவிடாதீர்கள். இது வழக்கமான விண்ணப்பப் பருவத்துக்குள்ளேயே நடப்பது. எம்கேட் எழுதியிருக்க வேண்டும். ஒரே ஒரு கல்லூரிக்குத்தான் விண்ணப்பிக்கலாம், கிடைத்தால் சேர்ந்தே ஆக வேண்டும். அக்டோபர் தொடக்கத்தில் 'இல்லை' என்று பதில் வந்தால், மற்றவர்கள் நேர்காணலுக்குப் போய்க்கொண்டிருக்கும்போது இவர் புதிதாக விண்ணப்பம் அனுப்ப வேண்டியிருக்கும். குறிப்பிட்ட கல்லூரியோடு நெருங்கிய தொடர்பும் வலுவான மதிப்பெண்ணும் உள்ளவர் தவிர வேறு யாருக்கும் நான் இதைச் சொல்லமாட்டேன்.

சட்டமும் நிர்வாகமும் வேறு மாதிரி. ஹார்வர்டு சட்டக் கல்லூரி, இளங்கலை மூன்றாம் ஆண்டிலேயே விண்ணப்பம் வாங்குகிறது; அதன் வணிகக் கல்லூரி 2007இல் இதே போன்ற திட்டத்தை அறிவித்தது. இரண்டிலும் இடம் கிடைத்தவர் பட்டம் பெற்றபின் குறைந்தது இரண்டு ஆண்டுகள் வெளியே இருந்துவிட்டுத்தான் வர வேண்டும். இடத்தைக் கையில் கொடுத்து, உலகத்தைப் பார்த்துவிட்டு வா என்கிறார்கள். மருத்துவக் கல்லூரிகளும் இதைப் பரவலாகப் பின்பற்றினால் நன்றாக இருக்கும்.

இரண்டாம் ஆண்டு வழியில் ஒரு குறை என்னை உறுத்துகிறது. விண்ணப்பிக்கும்போது மூன்று பருவ மதிப்பெண்களே கையில் இருக்கும். வசதி குறைந்த பள்ளியிலிருந்து வந்து முதல் பருவத்தில் தடுமாறிய மாணவிக்கு அதை ஈடுகட்ட அவகாசமே இல்லை. குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால், இப்படி ஒரு திட்டம் இருப்பதே பல நேரம் காலம் கடந்துதான் காதில் விழும். அவளுக்கு வழக்கமான வழியே மேல்; இன்று மருத்துவம் சேர்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் பட்டத்துக்குப் பின் ஓராண்டாவது இடைவெளி விட்டே வருகிறார்கள். இரண்டாம் ஆண்டில் விண்ணப்பித்து இடம் கிடைக்காதவருக்கும் பொதுவாக அந்த வழி அடைபடுவதில்லை. எம்கேட் எழுதிவிட்டு மற்றவர்களோடு வரிசையில் நிற்கலாம்.