மைனர் திரெட் 'அவுட் ஆஃப் ஸ்டெப் அவுட்டேக்ஸ்': இரண்டு வருஷத்துக்கு மேல் கேட்டதில்

அமெரிக்க பங்க் ராக் பாண்டு மைனர் திரெட்டின் இந்த மூன்று பாட்டை டிஸ்கார்ட் இசை நிறுவனம் 2023-இல் வெளியிட்டதும் முதல் ஆளாகக் காசு கொடுத்து இறக்கிவிட்டேன். அன்றைக்கே எழுத உட்கார்ந்திருந்தால் தலைமேல் தூக்கி வைத்து எழுதியிருப்பேன். கலைந்துபோய் நாற்பது வருஷம் ஆன பாண்டு, இனிமேல் இவர்களிடமிருந்து ஒன்றும் வராது என்று முடிவு கட்டி வைத்திருந்த நேரத்தில் புதுசாக ஒன்று கைக்கு வந்தால் மனசு நியாயம் பார்க்காது. இப்போது இரண்டு வருஷம் தாண்டிவிட்டது, கடையில், வண்டியில், ஃபோனில் என்று எல்லாவற்றிலும் போட்டுக் கேட்டாகிவிட்டது. ஒரு பாட்டு வளர்ந்திருக்கிறது, ஒன்று தேய்ந்திருக்கிறது, மூன்றாவதை நான் போடுவதே இல்லை.

எனக்கு மதுரை சிம்மக்கல் பக்கம் ஸ்பீக்கர் சர்வீஸ் கடை. அப்பா காலத்தில் மைக் செட் வாடகை, குழாய் ஸ்பீக்கர். இப்போது ஸ்பீக்கரின் காகிதக் கூம்பான கோன் மாற்றுவது, அதன் அடியில் இருக்கும் கம்பிச் சுருளான காயில் சுற்றுவது. காயில் உரசுகிறதா என்பது கோனைக் கையால் மெதுவாக அமுக்கினாலே தெரிந்துவிடும், அதற்குப் பாட்டு வேண்டாம். வேலை முடிந்து பெட்டியில் மாட்டி, நன்றாகச் சத்தம் வைத்து ஓட விடுவதற்குத்தான் நான் மைனர் திரெட் போடுவேன். 1981-இல் வந்த இவர்களுடைய முதல் இபியில், அதாவது ஆல்பத்தைவிடச் சின்ன இசைத்தட்டில், எட்டுப் பாட்டு, மொத்தமும் பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். ஒரு கிடார், ஒரு பேஸ், டிரம்ஸ், குரல், அவ்வளவுதான். எது எங்கே நிற்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு கை நீட்டிக் காட்டலாம்.

அந்த நான்கு பேர்தான் பிறகு ஐந்து பேர் ஆனார்கள். 1982-இல் பேஸ் வாசித்த பிரையன் பேக்கர் இரண்டாவது கிடாருக்கு மாற, ஸ்டீவ் ஹான்ஸ்ஜென் பேஸுக்கு வந்தார். 1983-இல் டான் ஸியன்டாராவின் இன்னர் இயர் ஸ்டூடியோவில் 'அவுட் ஆஃப் ஸ்டெப்' பதிவு செய்தபோது, பழைய பாட்டு இரண்டை இந்த ஐந்து பேராகவும் ஒருமுறை வாசித்துப் பதிந்தார்கள். ஆல்பத்தில் சேராமல் போன அதுதான் இப்போது வெளியே வந்திருக்கிறது. கூடவே 'ஆடம்ஸ் ஃபேமிலி' என்று ஒரு துண்டு.

'ஃபில்லர்' முதலில். மதத்திடமும் காதலிடமும் நண்பனைப் பறிகொடுத்தவனின் கோபம், மூச்சு விடாத வேகம். முதல் ஒரு மாதம் இந்தப் புது வடிவம்தான் பெரிதாக இருந்தது, சத்தம் நெஞ்சை அடைக்கிற மாதிரி நிறைந்து வந்தது. ஒரு நாள் பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர் ஒன்றைக் கட்டி முடித்துவிட்டு, 1981 வடிவத்தையும் இதையும் அடுத்தடுத்துப் போட்டு, கோன் ஓரத்தில் விரல் நுனியை வைத்துப் பார்த்தேன். பழையதில் டிரம் அடி தனியாக, பேஸ் தனியாக விரலில் தட்டுகிறது. புதியதில் இரண்டும் சேர்ந்து ஒரே நடுக்கமாகத்தான் வருகிறது. கடையில் வேலை பார்க்கும் தம்பிக்கு இந்த பாண்டு யாரென்றே தெரியாது, தூரத்தில் சால்டரிங் வைத்துக்கொண்டிருந்தவன், "அண்ணே, முன்னாடி போட்டதுலதான் எல்லாம் தெளிவாக் கேக்குது" என்றான். அதேதான். அவ்வளவு வேகத்தில் இரண்டு கிடார் ஒரே இடத்தை அடைத்துக்கொண்டால் மற்றவருக்கு நிற்க இடமில்லை. ஜெஃப் நெல்சனின் டிரம்ஸை அமுக்குகிற எதையும் என்னால் ஒத்துக்கொள்ள முடியாது.

ஆனால் அதே இரண்டு கிடார் 'இன் மை ஐஸ்' பாட்டுக்கு உயிர் கொடுத்திருக்கிறது. அந்தப் பாட்டின் அமைப்பே வேறு. நிதானமாக நடந்து வந்து, திடீரென்று பாய்ந்து, மறுபடி நிதானத்துக்குத் திரும்பும். குடிக்கிறவன் சொல்லும் சாக்குகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பாடகர் இயன் மெக்கே அவன் முகத்துக்கு நேராகப் பதில் சொல்கிறார். நிதானமான பகுதியில் கிடார்களுக்கு நடுவே காற்று இருக்கிறது, இரண்டாவது கிடார் அங்கே கனம் சேர்க்கிறது, அந்தக் கனத்துக்குப் பிறகு வேகம் பிடிக்கும்போது அணை உடைந்த மாதிரி இருக்கிறது. 1981 வடிவத்தைவிட இது மேல் என்று சொல்லக் கொஞ்சம் தயங்கினேன், இப்போது தயக்கமில்லை.

இந்தப் பாட்டு எனக்கு வெறும் சத்தம் இல்லை. திருவிழா சீசனில் செட் போடப் போகிற இடமெல்லாம் ராத்திரி பாட்டில் திறப்பார்கள். உடம்பு வலி, தூக்கம் வரவில்லை, ஒரு நாள்தானே என்று ஆளுக்கு ஒரு காரணம். நல்ல வேலைக்காரர்கள், எனக்குத் தொழில் சொல்லித்தந்த அண்ணன்மார்கள், கண்ணெதிரே கை நடுக்கம் வந்து வயர் சீவ முடியாமல் போனதைப் பார்த்திருக்கிறேன். போன சித்திரைத் திருவிழா முடிந்து கோரிப்பாளையம் பக்கம் விடியற்காலையில் பெட்டிகளை வண்டியில் ஏற்றிவிட்டு, மேலே உட்கார்ந்து ஹெட்ஃபோனில் இதைப் போட்டேன். ஏவி பாலம் ஏறி இறங்குவதற்குள் பாட்டு முடிந்துவிட்டது. திரும்பப் போட்டேன்.

'ஆடம்ஸ் ஃபேமிலி'யைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கேட்டால் 'அவுட் ஆஃப் ஸ்டெப்' ஆல்பத்தில் வரும் 'காஷிங் இன்' பாட்டின் கடைசிப் பகுதி ஞாபகம் வரும், அந்தப் பாட்டுக்குள் இருந்தபோது இருந்த அழகு தனியாக நிற்கும்போது இல்லை. ஒலிநாடாவில் இருந்தது, அதனால் சேர்த்துவிட்டார்கள். எத்தனை தடவை கேட்டும் எனக்கு அது ஒட்டவில்லை.

மைனர் திரெட்டை இனிமேல்தான் கேட்கப் போகிறீர்கள் என்றால் தயவுசெய்து இதிலிருந்து தொடங்காதீர்கள். 1981-இன் இரண்டு இபியையும் கேளுங்கள், அப்புறம் 'அவுட் ஆஃப் ஸ்டெப்', அதற்கப்புறம் இது. ஏற்கனவே கேட்டவர்கள் அந்த ஒரு பாட்டுக்காகவே வாங்கலாம். கடையில் ஆம்பிளிஃபையரில் செருகியபடியே இருக்கும் பென்டிரைவில் இப்போது 'இன் மை ஐஸ்' இரண்டு வடிவமும் இருக்கிறது, 'ஃபில்லர்' பழையது மட்டும்தான்.