பரிசோதனைக் கலைக்கு ஒரு வாரயிறுதி வகுப்பு: மாணவியின் மதிப்பீடு

சென்னையில் பரிசோதனைக் கலையையும், காணொளி, ஒலி போன்றவற்றைக் கொண்டு செய்யும் ஊடகக் கலையையும் கல்லூரிக்கு வெளியே முறையாகக் கற்க விரும்புகிறவர்களுக்கு வழிகள் அதிகமில்லை. அரசு கவின் கலைக் கல்லூரியில் சேர வேண்டுமானால் சில ஆண்டுகளை முழுமையாக ஒதுக்க வேண்டும். விஸ்காம் எனப்படும் காட்சித் தொடர்பியல் படிப்புகளோ பெரும்பாலும் விளம்பரத்துக்கும் சினிமாவுக்கும் ஆள் தயார் செய்கின்றன. நானும் அப்படியொரு விஸ்காம் மாணவிதான். இந்த இடைவெளியை நிரப்பும் நோக்கத்தோடு அடையாறு வட்டாரத்தில் ஒரு சிறு கலைக்குழு சனி, ஞாயிறுகளில் நடத்தும் மூன்று மாதப் பயிற்சியில் சேர்ந்து முடித்திருக்கிறேன். குறைகளையும் சொல்ல வேண்டியிருப்பதால் குழுவின் பெயரைத் தவிர்க்கிறேன். இந்நகரில் இத்தகைய வகுப்பு எதில் சேர நினைப்பவருக்கும் இம்மதிப்பீடு பயன்படக்கூடும்.

பயிற்சியின் முதல் பாதி, உள்ளூர்க் கலை வரலாற்றை நான் இதுவரை கேட்டவற்றிலேயே ஆகச் சிறந்த முறையில் கற்றுத்தந்தது. ஊடகத்துக்கு ஒதுக்கப்பட்ட இரண்டாம் பாதி, முதல் பாதி கற்றுத்தந்த பாடத்தையே மறந்துவிட்டது.

முதல் பாதியை நடத்திய ஆசிரியர் ஓவியங்களைப் பற்றிப் பேசத் தொடங்கும் முன்பு, அவற்றை வரைந்தவர்கள் எதைச் செய்து சாப்பிட்டார்கள் என்று கேட்பவர். முதலில் எங்களைப் பெரியமேட்டில் உள்ள கவின் கலைக் கல்லூரியின் செங்கல் கட்டடங்களுக்கு அழைத்துச் சென்றார். 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தம் சொந்தச் செலவில் தொடங்கிய பள்ளியின் வழிவந்தது அது. அங்கே நின்றுகொண்டு அவர் சொன்ன செய்தி எங்களில் பலருக்குப் புதியது: 1898இல் ஆல்ஃபிரட் சாட்டர்டன் என்ற பொறியாளர் அந்தப் பள்ளியின் பட்டறையில்தான் அலுமினியப் பாத்திரம் செய்யும் சோதனைகளைத் தொடங்கினார். அப்போது அலுமினியம் இங்கே புதிய உலோகம். அதைத் தட்டி உருவாக்கும் கையும் கண்ணும் பள்ளியின் உலோக வேலைக்காரர்களிடம் இருந்தன. சில ஆண்டுகளில் அது தனித் தொழிலாகி வெளியேறியது. ஓவியப் பள்ளியில் பரிசோதனை என்பது சட்டகத்துக்குள் நடந்த ஒன்று மட்டுமல்ல, பொருளோடும் பிழைப்போடும் சேர்ந்தே நடந்தது என்பதை விளக்க இதைவிட நல்ல தொடக்கம் இருக்க முடியாது என்று நினைக்கிறேன்.

அடுத்த பயணம் ஈஞ்சம்பாக்கத்தில் உள்ள சோழமண்டலம் கலைஞர் கிராமத்துக்கு. கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகிற வருகிற எவரும் அதன் பெயர்ப்பலகையைப் பார்த்திருப்பார்கள். உள்ளே போனவர்கள் குறைவு. கவின் கலைக் கல்லூரியின் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் 1966இல் அதை உருவாக்கினார்கள் என்பதைப் பாடப்புத்தகம்கூடச் சொல்லிவிடும். எங்கள் ஆசிரியர் நிறுத்தி நிதானமாகப் பேசியது பாத்திக்கைப் பற்றி. படம் விற்காத காலத்தில் அந்த இளைஞர்கள் மெழுகும் சாயமும் கொண்டு துணிகளில் பாத்திக் செய்தார்கள், கைவினைப் பொருள்கள் செய்தார்கள், அவற்றைக் கண்காட்சி வைத்து விற்றார்கள். அந்தப் பணத்தில்தான் நிலம் வாங்கினார்கள். கைவினைக்கென்று ஒரு பொழுது, ஓவியத்துக்கென்று மீதிப் பொழுது என்று நாளைப் பிரித்துக்கொண்டார்கள். அரசு மானியத்தையோ வள்ளல்களையோ எதிர்பார்த்துக் காத்திராமல், யாருக்கும் புரியாது என்று சொல்லப்பட்ட படங்களை வரைவதற்கான நேரத்தை, எல்லோருக்கும் பிடிக்கும் துணிகளை விற்று அவர்கள் வாங்கிக்கொண்டார்கள் என்பதைக் கேட்டபோது, கூடத்தில் மாட்டியிருந்த படங்களை நான் பார்த்த விதமே மாறிவிட்டது.

அந்தக் கிராமத்தில் உள்ள அருங்காட்சியகத்தைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். 2009இல் திறக்கப்பட்ட இக்கூடம் மெட்ராஸ் இயக்கம் என்று அழைக்கப்படும் நவீனக் கலைஞர் தலைமுறையின் படைப்புகளை ஒரே இடத்தில் பார்க்க உதவுகிறது. பணிக்கர் 1963 முதல் வரைந்த ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசையை நூல்களில் சிறு படங்களாகவே பார்த்திருந்த எனக்கு, அந்த எழுத்துகளை அருகில் நின்று பார்ப்பது முற்றிலும் வேறான அனுபவமாக இருந்தது. எழுத்துபோலவே தோன்றுகிறது, வாசிக்கப் போனால் எந்தச் சொல்லும் அகப்படுவதில்லை. ஜாதகக் கட்டம், கணித அடையாளம், பூச்சி போலவோ விலங்கு போலவோ ஓர் உருவம், மீண்டும் வரிவரியாக எழுத்து. சிற்பி பி.வி. ஜானகிராமின் உலோகத் தகட்டுச் சிற்பங்கள் இன்னொரு பாடம். கோயில் விக்கிரகத்துக்குச் சாத்தும் கவசத்தைப்போல முன்பக்கம் மட்டுமே கொண்ட சிற்பத்தை நவீனச் சிற்பமாக ஆக்கலாம் என்ற துணிச்சல் வெளியிலிருந்து கடன் வாங்கியது அல்ல.

பார்த்துவிட்டு வந்த பிறகு கொடுத்த பயிற்சியும் பொருத்தமானது. வீட்டில் கிடக்கும் எழுத்துப் பொருள் ஏதாவது ஒன்றைக் கொண்டுவந்து, அதன் பொருளை விட்டுவிட்டு, பக்க அமைப்பை மட்டும் வைத்து ஒரு படம் செய்ய வேண்டும். சிலர் ஜாதகம் கொண்டுவந்தார்கள், ஒருவர் ரேஷன் அட்டையின் நகல் கொண்டுவந்தார். நான் என் ஆத்தாவின் வட்டிக்கணக்கு நோட்டைக் கொண்டுபோனேன். பெயர், தொகை, தேதி, அடித்த கோடு என்று அவர் போட்டிருந்த பத்திகளை மட்டும் எடுத்துக்கொண்டு நாலைந்து தாள்கள் வரைந்தேன். ஆசிரியர் அவற்றைப் புகழவில்லை. அடித்த கோடுகளில் எது கோபத்தில் அடித்தது, எது பணம் வந்ததும் அடித்தது என்று ஆத்தாவிடம் கேட்டு வரச் சொன்னார். ஆத்தாவும் நினைவிலிருந்து ஒவ்வொன்றாகச் சொன்னார். அதற்குப் பிறகு வரைந்த தாள்கள் முந்தையவற்றைவிட நன்றாக வந்தன.

தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கும் அழைத்துச் சென்றார்கள். கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதும் ஓவியராக இருந்த ரோஜா முத்தையா தம் வாழ்நாளெல்லாம் சேர்த்த நூல்களையும் இதழ்களையும் அடிப்படையாகக் கொண்டு 1994இல் உருவான நூலகம் அது. நாடக நோட்டீசு, சினிமாப் பாட்டுப் புத்தகம், சிற்றிதழ் என்று மற்ற நூலகங்கள் பொருட்படுத்தாத தாள்களெல்லாம் அங்கே ஆய்வுப் பொருளாக மதிக்கப்படுகின்றன. 1959இல் தொடங்கிய ‘எழுத்து’, 1970இல் தொடங்கிய ‘கசடதபற’ போன்ற சிற்றிதழ்களை ஊடகப் பரிசோதனையாகப் பார்க்கலாம் என்று அங்கேதான் எனக்குத் தோன்றியது. யார் காகிதம் வாங்கினார்கள், யார் அச்சகத்துக்குக் கடன் வைத்தார்கள், அட்டைக்கு யார் கோட்டோவியம் கொடுத்தார்கள் என்று விசாரித்துக்கொண்டே போனால் சோழமண்டலத்தின் பாத்திக் கதையே மீண்டும் வருகிறது. இந்தப் பகுதிக்கு இன்னும் ஒரு நாள் ஒதுக்கியிருக்கலாம்.

இவ்வளவு நன்றாகப் போய்க்கொண்டிருந்த பயிற்சி, காணொளிக் கலைக்கு வந்ததும் வேறொரு நகரத்துக்கு இடம்பெயர்ந்துவிட்டது. இரண்டாம் பாதியை நடத்தியவர் திறமையானவர், கடுமையாக உழைப்பவர், அதில் ஐயமில்லை. ஆனால் கொரியாவில் பிறந்த காணொளிக் கலைஞர் நாம் ஜூன் பைக் 1960களில் தொலைக்காட்சிப் பெட்டிகளை வைத்துச் செய்தவற்றில் தொடங்கி, சோனியின் தூக்கிச் செல்லக்கூடிய காணொளிக் கருவி கலைஞர்களின் கைக்கு வந்த கதையைச் சொல்லி, நியூயார்க்கிலும் ஜெர்மனியிலும் நடந்தவற்றோடு பாடம் முடிந்துவிட்டது. அவையெல்லாம் தெரிந்திருக்க வேண்டியவையே. ஆனால் ஓவியத்தைப் பற்றிப் பேசும்போது பணம், பொருள், இடம் என்று தோண்டிக் கேட்ட பயிற்சி, காணொளி சென்னைக்கு எப்படி வந்தது என்று ஒரு முறைகூடக் கேட்கவில்லை.

கேட்டிருந்தால் சொல்வதற்கு நிறைய இருந்தது. சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15இல் ஒளிபரப்பைத் தொடங்கியது. எண்பதுகளில் தெருவுக்குத் தெரு வீடியோ கேசட் வாடகைக் கடைகள் வந்தன. 1990இல் ‘பூமாலை’ என்ற தமிழ்ச் செய்தி இதழ் கேசட் வடிவில் மாதந்தோறும் வந்தது. அதை நடத்தியவர்கள்தான் 1993இல் சன் தொலைக்காட்சியைத் தொடங்கினார்கள். இதழை அச்சடிக்காமல் நாடாவில் பதிவுசெய்து வீட்டுக்கு வீடு அனுப்பலாம் என்று எண்ணியதைவிடப் பெரிய ஊடகப் பரிசோதனை அந்தக் காலத்தில் வேறெது?

கல்யாண வீடியோவையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. மணமக்களின் முகம் தாமரைப்பூவுக்குள்ளிருந்து விரிவதும், இதய வடிவத்துக்குள் இரண்டு காட்சிகள் ஒன்றோடொன்று கலப்பதும், ஊட்டிப் பூங்காவின் பின்னணியில் நாதஸ்வரக்காரர் மிதப்பதும் ரசனைக் குறைவு என்று ஒதுக்கப்படுகின்றன. ஆனால் காட்சியை வெட்டவும் ஒட்டவும் கலக்கவும் தமிழ்நாட்டில் பல்லாயிரம் பேர் கற்றுக்கொண்டது அந்த மிக்ஸிங் அறைகளில்தான். பாத்திக் விற்றுப் படம் வரைந்தவர்களைப் போற்றும் வகுப்பு, கல்யாண வீடியோ எடுத்துக் காசு சேர்த்துத் தன் சொந்தப் படத்தை எடுப்பவரை ஏன் பார்க்க மறுக்கிறது? இதை வகுப்பில் கேட்டேன். நல்ல கேள்வி என்று சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விட்டார்கள்.

இரண்டாம் பாதியில் ஒலிப்பதிவுப் பயிற்சி மட்டும் இந்தக் குறைக்கு விதிவிலக்கு. விடியுமுன் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குப் போய், கேமராவைத் தொடாமல், ஏலக் குரல்களையும் ஐஸ் உடைக்கும் ஓசையையும் விசைப்படகுகளின் இயந்திரச் சத்தத்தையும் பதிவுசெய்து வந்தோம். பிறகு அந்தப் பதிவுகளிலிருந்து ஐந்து நிமிடத்துக்கு ஓர் ஒலிக்கோவை செய்ய வேண்டும். பொருள் விளங்கும் சொற்களை எந்த அளவுக்கு விடுவது, எந்த அளவுக்கு வெட்டுவது என்ற சிக்கல் எனக்குப் பணிக்கரின் எழுத்துகளை நினைவூட்டியது. ஆனால் பதினான்கு பேருக்கு ஒலிப்பதிவுக் கருவிகள் இரண்டுதான் இருந்தன என்பதால் பெரும்பாலோர் கைப்பேசியிலேயே பதிவுசெய்தோம். காற்று மைக்கில் மோதிய இரைச்சலை நீக்குவதற்கே ஒரு வகுப்பு போய்விட்டது.

கண்ணகி நகர்ச் சுவரோவியங்களைப் பார்க்கப் போன நாள் பாதி வெற்றி. நகரின் நடுவிலிருந்து அகற்றப்பட்ட குடும்பங்கள் குடியமர்த்தப்பட்ட அந்தக் குடியிருப்பின் சுவர்களில் 2020இல் பெரிய ஓவியங்கள் வரையப்பட்டன. அழகான ஓவியங்கள், ஊருக்கு வெளியே தள்ளப்பட்ட இடத்தைப் பற்றிச் செய்தித்தாள்களில் வேறுவிதமாக எழுத வைத்தவை என்பதும் உண்மை. அங்கே வாழ்பவர்களில் ஒருவரையாவது வகுப்பில் உட்காரவைத்துப் பேசச் செய்திருந்தால் அந்த நாளுக்குப் பொருள் இருந்திருக்கும். நாங்கள் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டோம்.

கட்டணம் குறைவென்று சொல்ல முடியாது. அந்தத் தொகைக்கு ரிச்சி தெருவில் சுமாரான பழைய ப்ரொஜெக்டர் ஒன்றும் நல்ல மைக் ஒன்றும் வாங்கிவிடலாம். தவணையில் கட்ட விட்டார்கள் என்பதைப் பாராட்டுகிறேன். வாசிப்புக்குக் கொடுத்த கட்டுரைகள் ஒன்றிரண்டைத் தவிர எல்லாமே ஆங்கிலத்தில் இருந்தன; தமிழ்வழியில் படித்துவிட்டு வந்த இரண்டு பேர் வாசிப்பு விவாதங்களில் வாயைத் திறக்கவே இல்லை, செய்முறையில் அவர்கள்தான் எங்கள் எல்லோரையும்விட முன்னே இருந்தார்கள். இடவசதிக்குக் குறையில்லை. பெண்கள் இரவு எட்டு மணிக்கு மேல் இருக்க நேர்ந்தால் வண்டி ஏற்பாடு செய்து அனுப்பினார்கள்; என் வீட்டில் அனுமதி கிடைத்ததற்கு அதுவே முக்கியக் காரணம்.

பயிற்சி முடிந்தபின் என்ன செய்வது என்பதற்கு வகுப்பில் வழிகாட்டல் கிடைக்கவில்லை. நாங்களே தேடித் தெரிந்துகொண்டோம். கிரீம்ஸ் சாலையில் உள்ள லலித் கலா அகாடமியின் மண்டல மையத்தில் பதிப்போவியம், சிற்பம் போன்றவற்றுக்குப் பொதுப் பணிக்கூடங்கள் இருக்கின்றன. பெங்களூருவிலிருந்து இயங்கும் இந்தியக் கலைகளுக்கான அறக்கட்டளை நாடெங்கிலும் உள்ள கலைஞர்களுக்கும் ஆய்வாளர்களுக்கும் நல்கை வழங்குகிறது. 2016இல் தொடங்கிய சென்னை ஃபோட்டோ பியனாலே என்ற புகைப்படக் கலை விழா நடக்கும் காலத்தில் புகைப்படத்தைக் கேள்விக்கு உட்படுத்தும் படைப்புகளை இங்கேயே பார்க்க முடிகிறது. கடைசி வகுப்பில் இவற்றுக்கு அரைமணி ஒதுக்கியிருந்தால்கூடப் போதுமானதாக இருந்திருக்கும்.

ஓவியம், சிற்பம், அச்சு ஆகியவற்றின் வழியாக இந்நகரின் பரிசோதனை மரபை அறிய விரும்புகிறவர்கள் தயங்காமல் சேரலாம். காணொளியோ எண்ணியல் கலையோதான் நோக்கம் என்றால், கருவிகளை வீட்டுக்குக் கொடுத்தனுப்புவார்களா, எத்தனை பேருக்கு எத்தனை கருவி, உள்ளூர்க் காணொளியைப் பற்றி ஒரு வகுப்பாவது உண்டா என்ற மூன்றையும் பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். முதல் பாதியை மட்டும் தனியாக, பாதிக் கட்டணத்தில் நடத்தும்படி நாங்கள் சிலர் கையெழுத்திட்டு ஒரு கடிதம் கொடுத்திருக்கிறோம். அடுத்த பயிற்சி தொடங்குவதற்குள் முடிவு சொல்வதாகக் கூறியிருக்கிறார்கள்.