ஏற்காட்டில் ஒரு தியான முகாம்: சென்று வந்தவளின் மதிப்புரை

சென்ற ஆண்டு என் தம்பி இறந்தபோது ஆறுதல் சொல்ல வந்த சபையார் பலரும் "கர்த்தருடைய சித்தம், அழக்கூடாது" என்றே சொல்லிச் சென்றார்கள். அன்பினால்தான் சொன்னார்கள், ஆனாலும் அதன்பின் ஞாயிறுதோறும் பாடகர் குழுவில் நின்று பாடிவந்த நான், வீட்டில் வேதத்தைத் திறக்கவே இல்லை. இதைக் கவனித்திருந்த என் நாத்தனார்தான் எங்கள் இருவர் பெயரையும் இந்த முகாமுக்குக் கொடுத்தார்.

வெள்ளி மாலை தொடங்கி ஞாயிறு மதியம் முடியும் முகாமுக்கு உணவும் தங்குமிடமும் சேர்த்து ஆளுக்கு 2,400 ரூபாய். சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிச் செல்ல வேண்டியிருப்பதால், பேருந்தில் தலைசுற்றுபவர்கள் வெறும் வயிற்றோடு கிளம்ப வேண்டாம். அறைகள் எளியவை, சுத்தமானவை. சுமார் 1,500 மீட்டர் உயரத்து இரவுக் குளிருக்கு அவர்கள் தரும் ஒரு கம்பளி போதாது.

சனிக்கிழமை காலை வேளைக்காகவே இந்த முகாமைப் பரிந்துரைப்பேன். பிரசங்கம் இல்லை. வேதத்திலுள்ள ஜெபப் பாடல்களான சங்கீதங்களில் 88-ஆவதை மூன்று முறை நிதானமாக வாசித்தார்கள்; ஒவ்வொரு வாசிப்புக்கும் பின் பத்து நிமிடம் மௌனம்; மனம் எந்தச் சொல்லில் நின்றதோ அதை மட்டும் நோட்டில் எழுதச் சொன்னார்கள். புலம்பல் சங்கீதங்கள் பெரும்பாலும் முடிவில் துதிக்குத் திரும்பிவிடும். இதுவோ, அறிமுகமானவர்கள் மறைந்துபோனதைச் சொல்லி அப்படியே நின்றுவிடுகிறது. கோராகின் புத்திரரின் சங்கீதம் என்று அதன் தலைப்பு சொல்கிறது. ஆலயத்தில் பாடும் பணியில் இருந்த வம்சத்தார் இப்படியும் பாடினார்கள் என்றால், பாடகர் குழுவில் நிற்கும் நான் மட்டும் துக்கத்தை ஏன் வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே போக வேண்டும் என்று அன்றுதான் எனக்குத் தோன்றியது. என் நோட்டில் "மறைந்துபோனார்கள்" என்ற ஒரே சொல்தான் இருந்தது, அதன்மேல் காபி சிந்திய கறையோடு.

மாலையில் குழுப் பகிர்வு. ஒரு சகோதரி, தாம் மன அழுத்தத்துக்கு மாத்திரை எடுத்துக்கொள்வதைத் தரையைப் பார்த்தபடியே சொன்னார். உடனே இன்னொருவர், "விசுவாசம் இருந்தால் மாத்திரை எதற்கு?" என்று கேட்டுவிட்டார். குழுவை நடத்திய அக்கா குரலை உயர்த்தாமல் வேதத்தில் ஒன்று இராஜாக்கள் 19-ஆம் அதிகாரத்தை எடுத்தார். சாக விரும்பிச் சூரைச்செடியின் கீழ் படுத்துவிட்ட எலியா தீர்க்கதரிசியைத் தேவதூதன் கடிந்துகொள்ளவில்லை. சுட்ட அடையையும் தண்ணீரையும் கொடுத்துத் தூங்கவிட்டு, மறுபடியும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். கர்த்தர் அவனோடு பேசியது அதற்குப் பிறகு, ஓரேப் மலையில். "மருத்துவர் கொடுத்ததை நீங்களாக நிறுத்தாதீர்கள், அம்மா" என்று அந்தச் சகோதரியிடம் சொல்லிவிட்டு, அக்கா அதன்பின் எதுவும் பேசவில்லை. அந்தச் சகோதரி அழுது முடிக்கும்வரை பதினான்கு பேரும் காத்திருந்தோம். ஒருவரும் வசனம் சொல்லி அவசரமாகக் கண்ணீரைத் துடைக்காத ஒரு ஜெபக் கூட்டத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அதே பதினான்கு என்ற எண்ணிக்கைதான் இங்குள்ள பெரிய குறையும். ஒன்றரை மணி நேரத்தில் எல்லோரும் பேசி முடிக்க முடியாது. என் முறை வருவதற்குள் இரவு உணவுக்கு மணி அடித்துவிட்டது. ஒரு வருடம் அடக்கிவைத்ததைச் சொல்லத் துணிந்து அமர்ந்திருப்பவருக்கு அது சிறிய ஏமாற்றம் அல்ல. அன்றிரவு அதையெல்லாம் நாத்தனாரிடம் சொன்னேன். தம்பி இறந்தபின் நாங்கள் இருவரும் மனம்விட்டுப் பேசியது அதுவே முதல்முறை. ஏழெட்டுப் பேராகக் குழுக்களைப் பிரிக்க வேண்டும் என்று கருத்துப் படிவத்தில் எழுதிக் கொடுத்தேன். ஞாயிறு ஆராதனை வழக்கம்போல இருந்தது.

மலையிறங்கிய பின் தொடர்ந்து சந்திக்க நிர்வாகத்தார் எந்த ஏற்பாடும் செய்வதில்லை என்பதால், செல்பவர்கள் தங்கள் ஊர்க்காரர்களின் தொலைபேசி எண்ணைக் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது. நானும் நாத்தனாரும் அந்தச் சகோதரியும் இப்போது வியாழன் மாலைகளில் அஸ்தம்பட்டியில் அவர் வீட்டில் கூடுகிறோம். சென்ற வாரம் 13-ஆம் சங்கீதம் எடுத்தோம். ஆறே வசனங்கள், முதல் இரண்டில் மட்டும் "எதுவரைக்கும்" என்று நான்கு முறை வருகிறது. அந்த இரண்டைத் தாண்டவே எங்களுக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று.