ஹெட் தட்டில் இறங்குவதா, ராம்பில் ஏறுவதா?

கிளிநொச்சியில் கொம்பியூட்டர் திருத்துகிற எனக்கே, கல்யாண வீடியோக்களைப் போட்டு வைக்க ஒரு செகண்ட் ஹேண்ட் ஹார்ட் டிஸ்க் தேவைப்பட்டது. வவுனியாவில் ஒரு கடைக்காரர் இரண்டை எடுத்து வைத்தார். ஒன்று, சுற்றுவது நிற்கும்போது ஹெட் (தரவைப் படித்து எழுதும் முனை) தரவு பதியும் தட்டிலேயே இறங்கும் பழைய ரகம். மற்றது, ஹெட்டைத் தட்டின் ஓரத்தில் இருக்கும் ராம்ப் என்கிற சின்னச் சரிவில் ஏற்றி வைப்பது. நான் எடுத்தது ராம்ப் ரகம். விலை, கொள்ளளவு எல்லாம் யாரும் பார்ப்பதுதான், விடுங்கள்.

பார்க்க வேண்டியது தட்டில் பூசியிருக்கும் எண்ணெய்ப் படலத்தை. காபன் பூச்சுக்கு மேலே ஒன்றிரண்டு நானோமீற்றர் தடிப்புத்தான். அதில் ஒரு பங்கு காபனோடு ஒட்டிக் கிடக்கும், மிச்சம் நகரும், தேய்ந்த இடத்துக்கு மெல்ல வந்து நிரப்பும். பழைய ரகத்தில் ஒவ்வொரு தரம் நிற்கும்போதும் தொடங்கும்போதும் ஹெட் உள்வட்டத்தில் உரசும். 50,000 தரம் தாங்கும் என்று எழுதியிருப்பார்கள், ராம்ப் ரகத்துக்கோ 300,000, 600,000 என்று.

எங்கள் பக்கம் மாரியில் ஒரு பின்னேரத்துக்குள்ளேயே கரண்ட் நாலைந்து தரம் போய்வரும், யூபிஎஸ் வைத்திருப்பவர்கள் குறைவு. கரண்ட் போனதும் சுற்றுகிற தட்டு, சைக்கிள் டைனமோ மாதிரி, மோட்டாரில் கொஞ்சம் மின்சாரம் உண்டாக்கி ஹெட்டை ஒதுக்கிவிடும். அது இரண்டு ரகத்திலும் நடக்கும், ஆனால் பழையதில் ஒதுங்குகிற இடமும் தட்டுத்தான்.

ஒருவர் கொண்டுவந்த பழைய டிஸ்க் முனகியதே தவிரச் சுற்றவில்லை, ஹெட் தட்டோடு ஒட்டிவிட்டது. கையில் பிடித்து மணிக்கட்டைச் சடாரென்று திருப்பினேன், விட்டுக்கொடுத்தது. கோப்புகளை அன்றைக்கே எடுத்துவிட்டேன். (இது வேறு வழியில்லாதபோது செய்கிற வேலை, பழகிவிடாதீர்கள்.) இன்னொன்றைக் கழற்றினால் உள்வட்டத்தில் பென்சிலால் கீறினது போல ஒரு வளையம்.

ராம்பிலும் குறை இல்லாமல் இல்லை. சில டிஸ்க் 8 வினாடி சும்மா இருந்தாலே ஹெட்டைத் தூக்கி வைத்துவிடும். மணிக்கு 30 தரம், நாளுக்கு 10 மணித்தியாலம் என்றால் 1,000 நாளில் அந்த 300,000 முடிந்துவிடும். முடிந்த அன்றே சாகும் என்றில்லை, எனக்கும் இந்த ரகத்தோடு மூன்று வருடப் பழக்கம்தான். அதனால் வாங்குமுன் ஸ்மார்ட் பட்டியலில் (டிஸ்க் தன் நிலையைத் தானே குறித்து வைக்கும் கணக்கு) 193 என்ற எண் போட்ட வரியைப் பாருங்கள், ஹெட் எத்தனை தரம் ராம்பில் ஏறி இறங்கியது என்று அதில் இருக்கும். நான் பார்த்ததில் 41,000 தான் இருந்தது, விலை பேசாமலே காசைக் கொடுத்துவிட்டேன்.