பழைய வெள்ளியில் எது எந்த இடத்திற்கு? கெட்டி, ஸ்டெர்லிங், முலாம், ஜெர்மன் சில்வர்: ஓர் ஒப்பீடு

பழைய வெள்ளிப் பொருள்களால் வீட்டை அழகுபடுத்த விரும்புவோர் கடைக்குப் போனால், வெள்ளி என்ற ஒரே பெயரில் நான்கு வெவ்வேறு பொருள்கள் விற்கப்படுவதைக் காண்பார்கள். சீர்வரிசையாகத் தலைமுறை கடந்து வந்த நம்மூர்க் கெட்டி வெள்ளி, ஆங்கிலேயர் காலத்தில் வந்து சேர்ந்த ஸ்டெர்லிங், மலிவான உலோகத்தின் மேல் வெள்ளி ஏற்றிய முலாம் பாத்திரம், வெள்ளியே கலக்காத ஜெர்மன் சில்வர் ஆகிய நான்கும் மெருகேற்றி அடுக்கி வைத்தால் ஒன்று போலவே மின்னும். ஆனால் வீட்டுக்குள் வந்த பிறகு அவை நாள்படும் விதம் முற்றிலும் வேறு. தேய்ப்பதை எத்தனை முறை தாங்கும், தினமும் கைபட்டால் என்னவாகும், நம் ஊர்க் காற்றில் எவ்வளவு விரைவில் கறுக்கும், ஒடுக்கு விழுந்தால் எடுக்க முடியுமா என்பவற்றை வைத்தே இவற்றை ஒப்பிட வேண்டும் என்பது என் கருத்து. விலை அதற்குப் பிறகு வரட்டும்.

நம்மூர்க் கெட்டி வெள்ளியிலிருந்து தொடங்குகிறேன். பன்னீர்ச் செம்பு, சந்தனப் பேலா, குங்குமச் சிமிழ், வெற்றிலைப் பெட்டி, கூஜா, குழந்தைக்குப் பால் புகட்டும் பாலாடை, பஞ்சபாத்திரம், உத்தரணி என்று இவை ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட வேலைக்காகச் செய்யப்பட்டவை. அந்த வேலைக்கேற்ற வடிவமே அவற்றின் அழகு. தகட்டைச் சுத்தியலால் தட்டித் தட்டி எழுப்பிய பழைய சொம்பின் உட்புறத்தைச் சாய்வான வெளிச்சத்தில் பார்த்தால், கொல்லரின் அடிகள் வரிசையாகத் தெரியும். அச்சில் அழுத்திய இன்றைய பாத்திரத்தில் அந்தத் தடம் இருக்காது. பலவற்றில் விளிம்பிலோ அடியிலோ புள்ளி புள்ளியாகப் பெயரோ தலைப்பெழுத்தோ வெட்டப்பட்டிருக்கும். அந்த எழுத்தை அழித்துத் தருவதாகச் சொல்லும் கடைக்காரரிடம் மறுத்துவிட வேண்டும். யாரோ ஒரு வீட்டின் மணநாளோடு சேர்ந்து வந்த அடையாளம் அது, வேறு எந்த வேலைப்பாட்டாலும் அதை ஈடுகட்ட முடியாது.

இவ்வகையின் குறை, தரத்திற்கான உறுதி இல்லாமைதான். பழைய நம்மூர் வெள்ளியில் பெரும்பாலும் முத்திரை கிடையாது. செய்த ஆசாரியின் நேர்மையும் வாங்கியவரின் வசதியும் சேர்ந்து தரத்தைத் தீர்மானித்தன. கடைகளில் உள்ள எக்ஸ் கதிர்க் கருவி மேற்பரப்பைத்தான் அளக்கிறது என்பதால், கனமான முலாம் அதனை ஏமாற்றக்கூடும். தவிரவும் தூய வெள்ளி மென்மையானது. மெல்லிய தகட்டில் செய்த சொம்பு ஒருமுறை தரையில் விழுந்தாலே ஒடுங்கிவிடும். ஆனால் அதே மென்மையால்தான் தேர்ந்த கைவினைஞர் ஒருவர் அந்த ஒடுக்கைத் தடம் தெரியாமல் எடுத்துவிடவும் முடிகிறது. உள்ளும் புறமும் ஒரே உலோகம் என்பதால் எத்தனை தலைமுறை தேய்த்தாலும் வேறு நிறம் எட்டிப்பார்க்காது. மற்ற வகைகளில், இந்தத் தகுதியில் இதற்கு ஸ்டெர்லிங் மட்டுமே போட்டி.

இதே வரிசையில் தனித்து நிற்பது, 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மதராஸில் புகழ்பெற்ற சுவாமி வேலைப்பாடு. தெய்வ உருவங்களை மேற்பரப்பில் புடைத்தெழச் செதுக்கிய அந்தப் பாணியில், பி. ஆர் அண்ட் சன்ஸ் நிறுவனம் தேநீர்க் கெண்டி, தட்டு, கிண்ணம் என ஐரோப்பிய வடிவங்களுக்கு நம் சிற்பிகளின் கைவண்ணத்தைக் கொடுத்து விற்றது. பின்னாளில் ஏழாம் எட்வர்ட் மன்னரான வேல்ஸ் இளவரசர் 1875-76இல் இந்தியா வந்த காலம், இவ்வகைப் பொருள்கள் மேலைநாட்டாரின் கவனத்தை வெகுவாக ஈர்த்த காலம். இன்று உண்மையான சுவாமி வெள்ளி ஏலக்கூடங்களின் பொருளாகிவிட்டது. சாதாரண வீட்டு அலங்காரத்திற்கு அதைத் தேடி அலைவதைவிட, அலங்காரமே இல்லாத நல்ல கூஜா ஒன்றை வாங்குவது மேல்.

ஸ்டெர்லிங்கின் பெரும்பலம், அது தன்னைப் பற்றித் தானே சொல்லிவிடும் என்பது. 1000க்கு 925 பங்கு வெள்ளி, எஞ்சியது பெரும்பாலும் செம்பு என்ற கலவை இங்கிலாந்தில் நூற்றாண்டுகளாகச் சட்டத்தின் கண்காணிப்பில் இருந்தது. நடந்து செல்லும் சிங்கத்தின் உருவம் தரத்தைச் சொல்லும். நங்கூரம் இருந்தால் பர்மிங்காம், சிறுத்தைத் தலை இருந்தால் லண்டன். தனி எழுத்தொன்று ஆண்டைச் சொல்லும். 1784 முதல் 1890 வரையிலான பொருள்களில் வரி செலுத்தியதற்கு அடையாளமாக அரசரின் அல்லது அரசியின் தலையும் இருக்கும். ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடி இருந்தால் வாங்குபவரே இவ்வளவையும் படித்துவிடலாம். செம்பு கலந்ததால் கடினமும் அதிகம். கரண்டிகள் எளிதில் வளையா.

இருந்தாலும் நம் வீடுகளில் ஸ்டெர்லிங் முதலிடம் பெறத் தகுதியானதாக எனக்குத் தோன்றவில்லை. வாட்டிய ரொட்டியைச் செருகி வைக்கும் சட்டகமும் குழம்பு ஊற்றும் படகுக் கிண்ணமும் நம் உணவு மேசையில் வேலையற்று நிற்கும். சட்டகத்தில் கடிதங்களைச் செருகி வைக்கலாம், சர்க்கரைக் கிண்ணத்தில் மல்லிகையை நிரப்பலாம் என்றாலும் அவை விருந்தாளிகளாகவே தெரிகின்றன. எடைக்கு விலை பேசி வாங்குபவர்கள் மெழுகுவர்த்தித் தண்டுகளில் மிகுந்த எச்சரிக்கையோடு இருக்க வேண்டும். மெல்லிய வெள்ளி ஓட்டுக்குள் தார் போன்ற கீல், சுண்ணம் போன்றவற்றை நிரப்பி அடிப்பகுதிக்குக் கனம் கூட்டுவது அங்கே வழக்கமாக இருந்ததால், தராசு காட்டும் எடையில் வெள்ளி சிறிதளவே இருக்கக்கூடும். பழைய தேநீர்க் கெண்டிகளின் கைப்பிடியில் சூடு ஏறாமலிருக்க யானைத் தந்தத்தால் ஆன வளையங்கள் பொருத்தப்பட்டிருப்பதும் உண்டு. தந்த வணிகம் இந்தியாவில் தடைசெய்யப்பட்டது என்பதால், அத்தகைய கெண்டியை எவ்வளவு மலிவாகத் தந்தாலும் வாங்கக் கூடாது.

முலாம் பாத்திரங்களை இரண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். 1740களில் ஷெஃபீல்ட் நகரில் தாமஸ் போல்சோவர் கண்டறிந்த முறையில், செம்புக் கட்டியோடு வெள்ளித் தகட்டைச் சூட்டினால் இணைத்து, பிறகு உருட்டித் தகடாக்கிப் பாத்திரம் செய்தார்கள். 1840இல் எல்கிங்டன் நிறுவனத்தார் மின்முலாமுக்குக் காப்புரிமை பெற்றதும் அந்தப் பழைய முறை விரைவில் வழக்கொழிந்தது. செம்பு, நிக்கல், துத்தநாகம் சேர்ந்த கலவையின் (இதுதான் ஜெர்மன் சில்வர்) மேல் மின்சாரத்தால் வெள்ளி படியவைத்த புதிய பாத்திரங்கள் இ.பி.என்.எஸ். (எலக்ட்ரோ பிளேட்டட் நிக்கல் சில்வர்) என்ற முத்திரையோடு பெருமளவில் வந்தன. இந்தியாவில் மன்றங்களும் தங்கும் விடுதிகளும் பயன்படுத்திய தட்டுகள், கெண்டிகள், பனிக்கட்டி வாளிகள் பல இவ்வகையைச் சேர்ந்தவை.

இரண்டையும் பிரித்தறிய முதலில் தேய்ந்த இடங்களைப் பார்க்க வேண்டும். விளிம்பிலும் கைப்பிடியிலும் இளஞ்சிவப்பாகச் செம்பு தெரிந்தால் ஷெஃபீல்ட் வகையாக இருக்கலாம். மஞ்சள் கலந்த சாம்பல் நிறம் தெரிந்தால் நிக்கல் கலவை. காந்தத்தை வைத்துச் சோதிப்பதில் பயன் குறைவு. வெள்ளியைப் போலவே நிக்கல் கலவையையும் காந்தம் இழுக்காது, அடியில் இரும்பு இருந்தால் மட்டுமே அது காட்டிக்கொடுக்கும். ஷெஃபீல்ட் தட்டில் செம்பு எட்டிப்பார்ப்பதை நான் குறையாக எண்ணுவதில்லை. மறுமுலாம் பூசிவிட்டால் அதன் பழமையும் மதிப்பும் ஒருசேரப் போய்விடும். இ.பி.என்.எஸ். பாத்திரத்திற்கு மறுமுலாம் பூசுவதில் அத்தகைய இழப்பு இல்லை.

பெரிய பொருள் தேவைப்படும் இடத்தில் முலாம்தான் அறிவுடைய தேர்வு. வரவேற்பறையின் நடுவில் வைக்க அகலமான தாம்பாளமோ பூச்சாடியோ கெட்டி வெள்ளியில் வாங்கினால், அதன் விலையே அச்சத்தைத் தந்து பெட்டகத்தில் பூட்டவைக்கும்; பூட்டிய பொருள் வீட்டை அழகுபடுத்தாது. அதே அளவில் நல்ல பழைய முலாம் பாத்திரம் வெளியிலேயே நிற்கலாம். அதைத் தினமும் தேய்க்கக் கூடாது என்பதே நிபந்தனை, ஏனெனில் ஒவ்வொரு மெருகும் மைக்ரான் கணக்கில் உள்ள அந்த வெள்ளிப் படலத்திலிருந்து சிறிதை எடுத்துச் செல்கிறது.

ஜெர்மன் சில்வரைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. கொலுவுக்கும் தாம்பூலப் பைக்கும் அது பொருத்தமான, மலிவான பொருள். பழமையான தோற்றம் என்ற பெயரில் பள்ளங்களில் கறுப்புச் சாயம் ஏற்றி விற்கப்படும் புதுப் பொருள்களைப் பழைய வெள்ளியின் விலைக்கு நெருக்கமாகக் கேட்கும்போதுதான் தவறு நேர்கிறது. உண்மையான கருமை மேட்டிலிருந்து பள்ளத்தை நோக்கிப் படிப்படியாக அடரும். சாயம் எங்கும் ஒரே கனத்தில் கிடக்கும்.

கறுப்பதைப் பொறுத்தவரை, ஜெர்மன் சில்வரை விட்டுவிட்டால், மூன்றும் வெள்ளிப் பரப்பு என்பதால் மூன்றும் கறுக்கும். காரணம் காற்றிலுள்ள ஹைட்ரஜன் சல்பைடு வெள்ளியோடு சேர்ந்து வெள்ளி சல்பைடாவது; ஈரப்பதம் அதை விரைவுபடுத்துகிறது. கழிவுநீர் தேங்கும் கால்வாய்க் கரைகளில் வசிப்போர் தங்கள் விளக்குகள் மற்ற இடங்களைவிட விரைவாகக் கறுப்பதைக் கண்டிருப்பார்கள். கம்பளித் துணி, ரப்பர் வளையம், முட்டை, வெங்காயம் ஆகியவற்றிலும் கந்தகம் உண்டு. ஆகவே வெள்ளியை ரப்பரால் கட்டிவைப்பது கறுப்பைத் தேடி அழைப்பதற்குச் சமம். உப்பு அதைவிடக் கொடியது, அது வெள்ளியையே அரிக்கும். அதனால்தான் ஆங்கிலேயர் தங்கள் வெள்ளி உப்புக் கிண்ணங்களுக்குள் நீலக் கண்ணாடிக் குப்பி வைத்தார்கள்.

துலக்குவதில் நம் வீடுகளின் திருநீறு நல்ல வழி, அது மாவு போல் நுண்மையாக இருக்கும்வரை. நறநறப்பு இருந்தால் கீறல் விழும், பற்பசையும் அப்படியே. வெந்நீரில் சமையல் சோடாவைக் கரைத்து அலுமினியத் தகட்டின் மேல் பாத்திரத்தை வைக்கும் முறையில், கறுப்பில் உள்ள கந்தகம் அலுமினியத்துக்கு மாறிவிடுவதால் வெள்ளி தேய்வதில்லை. ஆயினும் சாதாரண தட்டுக்கும் கரண்டிக்கும்தான் அதைப் பரிந்துரைப்பேன். சித்திர வேலைப்பாடுள்ள பன்னீர்ச் செம்பை அந்த நீரில் மூழ்கவைத்தால் கோடுகளுக்குள் நிற்கும் கருமையும் கரைந்து, பூவும் இலையும் பிரித்தறிய முடியாமல் வெளிறிவிடும். உள்ளே பொருள் நிரப்பிய மெழுகுவர்த்தித் தண்டுகளையும் வெந்நீரில் இடக் கூடாது. மேட்டுப் பகுதியை மென்துணியால் துடைத்துப் பள்ளத்தைத் தொடாமல் விடுவதே பழைய வெள்ளிக்கு ஏற்ற துலக்கல்.

திறந்த மாடமா, கண்ணாடி அலமாரியா என்பதும் இதனோடு சேர்ந்ததே. நன்கு மூடும் கண்ணாடி அலமாரியில் கறுப்பு மெதுவாகவே ஏறும். மூலையில் சில சுண்ணக்கட்டித் துண்டுகளை வைத்தால் ஈரத்தை ஓரளவு உறிஞ்சும். ஆகவே முலாம் பொருள்களும் அரிதாக எடுக்கும் ஸ்டெர்லிங்கும் அங்கே இருக்கட்டும். தினமும் கையில் எடுத்துக் கழுவித் துடைக்கும் சொம்பும் சிமிழும் கிண்ணமும் திறந்த இடத்திலேயே நன்றாக இருக்கும், அடிக்கடி துடைக்கப்படும் வெள்ளியில் கறுப்பு கனமாகப் படிய நேரம் கிடைப்பதில்லை.

வைக்கும் முறையில் எண்ணிக்கையைக் குறைப்பதே நல்லது. கருந்தேக்கோ ஈட்டி மரமோ பின்னணியாக இருந்தால் மூன்று பொருள்களே ஒரு சுவருக்குப் போதும். நீலம் கலந்த வெண்ணிற விளக்கொளியில் நல்ல வெள்ளியும் எவர்சில்வர் போல் தட்டையாகத் தெரியும்; 2700 கெல்வின் அளவிலான இளமஞ்சள் ஒளியில் அதன் நிறமும் வளைவுகளும் தெளியும். பூ வைக்கும் பாத்திரத்துக்குள் கண்ணாடிக் குவளை ஒன்றை இறக்கி அதில் நீர் ஊற்றினால் நீர்க்கோடு படியாது.

செலவுக்கு ஓர் அளவு வைத்துக்கொண்டு தொடங்குபவருக்கு என் பரிந்துரை இது. முதலில் பெயர் வெட்டிய ஒரு கெட்டி வெள்ளிச் சொம்பையோ சந்தனப் பேலாவையோ வாங்கிப் புழங்குங்கள். அடுத்து, அகலமான ஒரு பழைய இ.பி.என்.எஸ். தட்டு. ஸ்டெர்லிங் முத்திரைகளைப் படிக்கப் பழகிய பிறகு மட்டும் அதன் பக்கம் செல்லுங்கள். வீட்டில் ஏற்கெனவே பழைய பாத்திரம் இருந்தால், புது வெள்ளிக்கு மாற்றாகக் கடையில் போடுவதற்கு முன் அதை ஒருமுறை துலக்கிப் பாருங்கள். கடையில் அதற்கு எடை மட்டுமே உண்டு, செய்கூலிக்கு மதிப்பில்லை, உருக்கிய பின் அந்தக் கைவேலையை மீட்கவும் வழியில்லை. வெளிநாட்டில் வாழும் பிள்ளைகளுக்குக் கொடுத்தனுப்ப எண்ணுவோர் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்தையும் கவனிக்க வேண்டும்: 100 ஆண்டுகளைக் கடந்த கலைப்பொருள்களைத் தனியார் நாட்டைவிட்டு எடுத்துச் செல்ல அச்சட்டம் இடம் தருவதில்லை. வயதில் ஐயமிருந்தால், பயணத்துக்கு முன்னரே இந்தியத் தொல்லியல் துறையிடம் அது தொல்பொருள் அல்ல என்ற சான்றிதழைப் பெற்றுக்கொள்ள வேண்டும்.