கே.கே.நகர் பக்கம் ஞாயிறு சயின்ஸ் கிளாஸ், தாராளமா சேத்து விடலாம்

பொண்ணு ஒம்பதாவது, ரெண்டு மாசமா இந்த கிளாசுக்கு வர்றா. போன வாரம் நானும் பின்னாடி உக்காந்து முழுசா கேட்டேன், அதான் எழுதுறேன்.

பாடம் என்னன்னா ஆழ்கடல் தரையில உலோகச் சேறு எப்டி சேருதுங்கிறது. சார் முந்துன நாளே வீட்டு போர் தண்ணிய ஒரு பாட்டில்ல விளிம்பு வரைக்கும் புடிச்சு இறுக்கி மூடியும், இன்னொன்ன டப்பால தெறந்தும் வச்சு கொண்டாரச் சொல்லிட்டார். எங்க வீட்டுத் தண்ணில இரும்பு ஜாஸ்தி, புடிக்கும்போது தெளிவா இருக்கும், சாயங்காலத்துக்குள்ள வாளி அடியில காவி படிஞ்சிரும். காத்து படாதவரைக்கும் இரும்பு கரைஞ்சே கெடக்கும், ஆக்சிஜன் பட்டா துருவாகி எறங்கிரும்னு ரெண்டையும் பக்கத்துல வச்சு காட்டுனார்.

அங்கருந்து நேரா கடலுக்கு அடியில. நடுக்கடல் மலைத்தொடர் வெடிப்புல கடல் தண்ணி உள்ள எறங்கி, பாறைக்குழம்பு சூட்டுல காஞ்சு, இரும்பு மாங்கனீசு செம்பு துத்தநாகம்னு கரைச்சுக்கிட்டு 350 டிகிரி சூட்ல கூட பீச்சி அடிக்குது, வெளிய இருக்க தண்ணியோ 2 டிகிரிதான். செம்பும் துத்தநாகமும் பெரும்பாலும் கந்தகத்தோட சேந்து அங்கனயே கரும்புகையா படிஞ்சிருது, இரும்புலயும் மாங்கனீசுலயும் ஒரு பங்கு நீரோட்டத்தோட ரொம்ப தூரம் போயி துருவாகி செஞ்சேறா எறங்குது. எறங்கும்போது கடல் தண்ணில உள்ள வனேடியம், பாஸ்பரஸையும் ஒட்டிக்கிட்டே போகுதாம். எங்கம்மா குடத்துல தேத்தாங்கொட்டை உரசுனா கலங்கலெல்லாம் சேந்து அடியில போகுமே, அந்த ஞாபகம்தான் வந்துச்சு எனக்கு.

எம்பொண்ணு எந்திரிச்சு "அப்ப நம்ம வங்காள விரிகுடால இந்த சேறு ஏன் இல்ல சார்"னு கேட்டுட்டா. அங்க அந்த மாதிரி வெடிப்பும் இல்ல, கங்கையும் பிரம்மபுத்திராவும் கொட்டுற மண்ணு வேற எதையும் மூடிரும், இந்தச் சேறு தனியா கண்ணுக்குத் தெரியணும்னா கரையிலருந்து ரொம்ப தள்ளி, மண்ணு கொறச்சலா விழற எடமா இருக்கணும், கிழக்கு பசிபிக் மாதிரின்னார். அந்தக் கேள்விக்கே கால் மணி நேரம் படம் போட்டு சொன்னார், எனக்கு அவ்ளோ சந்தோசம். ஆழ்கடல் தரையில கெடக்குற மாங்கனீசு உருண்டைய பத்தியும் சொன்னார், பத்து லட்சம் வருசத்துக்கு சில மில்லிமீட்டர்தான் வளருமாம், இந்தியப் பெருங்கடல்ல 75,000 சதுர கிலோமீட்டர்ல அத தேடுற உரிமை நமக்கு இருக்குன்னார், ஆனா அத அவசரமா முடிச்சிட்டார்.

கொறைன்னா மொட்டமாடி ஷெட்டு, பதினோரு மணிக்கு மேல வெக்கை தாங்காது, இன்னொரு ஃபேன் போடணும். குடுத்த மேப் பூரா இங்கிலீஷ்ல இருக்கு, தமிழ் மீடியம் புள்ளைங்க தெணறுதுங்க, சார்ட்டயும் சொல்லிட்டேன். சேத்து விடுறவங்க பத்து நிமிசம் முன்னாடியே கூட்டிட்டுப் போங்க, முன் வரிசையில உக்காந்தாதான் போர்டு தெரியும்.